கறுப்பு மையில் ஒரு மாலை

போன மாதம் கொழும்பில் ஒரு கல்யாணம். என் மதினியின் மகளுக்கு. வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் வைத்திருந்தார்கள். சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து கையால் அள்ளிச் சாப்பிட்டுப் பழகிய எங்களுக்கு முள்ளுக்கரண்டியும் மடித்த துணியும் தந்தார்கள். துணியை மடியில் விரிப்பதா, கழுத்தில் செருகுவதா என்று பக்கத்து மேசையை நோட்டம் விட்டே பாதிச் சாப்பாட்டை ஆறவிட்டேன். கடைசியில் கையால்தான் சாப்பிட்டேன். வெளியே வரும்போது ஒரு பையன் உள்ளங்கையில் ஏதோ கிருமிநீக்கித் தண்ணீரை ஊற்றினான். ஸ்பிரிட் வாசம். அந்த வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு எங்கள் வாப்பாவின் ஞாபகம் வரும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கையைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தால், ஆண்கள் கழிப்பறைக்குப் போகிற நடையில் அந்தப் படம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதே படம். ஓரத்தில் இருந்த தென்னை அதே, தண்ணீரில் பாதி இழுத்து விட்ட தோணி அதே, தூரத்து மலை அதே. கீழே ஆங்கிலத்தில் ‘மாலை’ என்று மட்டும் எழுதியிருந்தது. நான் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். உள்ளேயிருந்து வந்த ஒரு கோட்டு சூட்டு மனிதர் என்னைக் கண்டு திடுக்கிட்டார். ஹோட்டல் பையன் ஓடி வந்து, “மெடம், லேடீஸ் அந்தப் பக்கம்” என்றான். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். நகரவில்லை. படத்துக்குள் ஓர் ஆள் நடந்து வந்துகொண்டிருந்தார். அவரை நான் ஒழுங்காகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கறுப்பு மை அச்சுப் படங்களை நீங்கள் பழைய புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். போன நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறலுக்குள் மையைத் தேய்த்து, தடித்த தாளில் அழுத்தி எடுப்பார்களாம். ஒரே தகட்டில் எத்தனையோ படம் எடுக்கலாம்; ஹோட்டலில் தொங்கியது நாங்கள் அறிந்த படத்தின் இன்னொரு பிரதி. நிறம் கிடையாது. வானம், தண்ணீர், ஓலை எல்லாமே கோடுதான். வெளிச்சம் உள்ள இடத்தில் கோட்டை விலக்கிப் போடுவார்கள், இருட்டுகிற இடத்தில் நெருக்குவார்கள். நான் ஒரு காலத்தில் படவரைஞராக வேலை செய்தவள், வீட்டுப் பிளான் கீறுகிறவள். அதனால் அந்தக் கோடுகளைப் பார்த்தால் கீறியவனுடைய மணிக்கட்டு எவ்வளவு உளைந்திருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

எங்களுக்கு அந்தப் படத்தைக் காட்டியது ரூபி அக்கா. கிழக்குக் கரையில், கல்முனையில் கடற்கரையோரம் அவர்களுடைய வீடு. வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அவருடைய தகப்பன் மிஷன் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரப் போதகர் சுமக்க முடியாமல் விட்டுப்போன சாமான்களில் அதுவும் ஒன்று. ரூபி அக்காவின் புருஷன் தேவா அண்ணன் தோணி இயந்திரம் திருத்துகிறவர். எந்நேரமும் கை கிரீஸ் கறுப்பு. கல்முனை பசாரில் வாப்பா வைத்திருந்த உதிரிப்பாகக் கடைக்கு ஏதாவது வொஷர் தேடி வருவார், வந்தால் தேத்தண்ணி குடிக்காமல் போக மாட்டார். வாப்பாவைக் காக்கா என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார். இரண்டு பேரும் இயந்திரத்தைப் பற்றி மட்டும்தான் கதைப்பார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, நாங்கள் போவோம். எங்களுக்கென்று கேக்கும் கதலிப் பழமும் தனியாக மூடி வைத்திருப்பார் ரூபி அக்கா. பெருநாளைக்கு அவர்கள் வருவார்கள்.

அந்த நத்தார் வீட்டில் வாப்பா எப்போதும் படத்துக்கு நேர் எதிர்க் கதிரையில் உட்காருவார். உட்கார்ந்த உடனே வழக்கமான வாதம் தொடங்கும்.

“இது கடலே இல்ல தேவா. நம்மட கடலெண்டா பொழுது முதுகுப் பக்கமாத்தானே படும்? இவன் வெளிச்சத்தத் தண்ணிக்கு மேல வெச்சிரிக்கான். நாவிதன்வெளிப் பக்கம் ஆத்தங்கரையில நிண்டு மேக்க பாத்துக் கீறினதுதான்.”

“நாவிதன்வெளியில மல எங்க காக்கா இருக்கு?”

“அந்த நாளையில இருந்திரிக்கும்.”

தேவா அண்ணன் சிரிப்பார். சிரித்துக்கொண்டே ரூபி அக்காவைப் பார்ப்பார், ரூபி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போவார். மலையை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம்.

சுனாமி வந்தது நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. ரூபி அக்கா வேதக் கோயிலில் இருந்தார். தேவா அண்ணன் யாருடையவோ இயந்திரத்தைப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருந்ததால் கடற்கரைக்குப் போயிருந்தார். அவருடைய உடல் கிடைக்கவில்லை. வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. கல்முனைக்குடியில் எங்கள் வீடு பெரிய றோட்டுக்கு மேற்கே என்பதால் தப்பியது. எங்கள் பக்கத்திலும் செத்தவர்கள் அதிகம். வாப்பா நாள் முழுக்க ஜனாஸாக்களோடு அலைந்தார். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை, நீங்களும் கேட்க மாட்டீர்கள்.

படத்தை வாப்பாதான் கண்டெடுத்தார். ஒரு பள்ளிக்கூட மதிலோடு ஒதுங்கிக் கிடந்த பலகைக் குவியலில், சட்டத்தின் ஒரு பக்கம் இல்லாமல், கண்ணாடி இல்லாமல், பின்பலகையில் ஒட்டியபடி. வீட்டுக்குக் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் கழுவி, பழைய சாரத்தில் விரித்து நிழலில் உலர்த்தினார். ஒரு கோடு கலையவில்லை. அந்தக் காலத்து அச்சு மை எண்ணெயில் குழைத்தது, தண்ணீருக்கு அசையாது. ரூபி அக்காவின் கல்யாணப் படங்கள் ஒட்டிய அல்பமும் கிடைத்தது. அதைத் திறந்து பார்த்தோம். எல்லாப் பக்கமும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வழிந்து, யாருக்கும் முகம் இல்லை.

ரூபி அக்கா அப்போது தகரக் கொட்டிலில் இருந்தார். படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். அழவில்லை.

“தகரத்தில ஆணி அடிக்கேலாது காக்கா. எனக்கொரு செவர் வரும்வரைக்கும் உங்கட வீட்டில இருக்கட்டும்.”

வாப்பா புதுச் சட்டமும் கண்ணாடியும் போட்டு நடு அறையில் மாட்டினார். எங்கள் வீட்டில் அதற்கு முன் சுவரில் தொங்கியது கலண்டர் மட்டும்தான். அதிலும் ஆள், மிருகம் உள்ள கலண்டரை உம்மா வாங்கமாட்டார். இதை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். உயிருள்ளதின் உருவம் தொங்குகிற வீட்டுக்கு மலக்குமார், வானவர்கள், வர மாட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. பெரிய வீடுகளில் இப்போதெல்லாம் அதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. உம்மா பார்ப்பார். எங்கள் வீட்டுப் பவுடர் டின்னில் சிரிக்கிற பெண்ணுக்குக்கூடக் கழுத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். கழுத்தில் கோடு போட்டால் அது உயிருள்ள உருவம் இல்லை என்று கணக்கு. கோடு போட்ட அந்தப் பெண் எல்லாப் பவுடரும் தீரும்வரை சிரித்துக்கொண்டேதான் இருப்பாள். தென்னையும் தோணியும் மலையும் உள்ள படத்தில் என்ன குற்றம்? உம்மா அந்த அறையில்தான் தொழுவார்.

அடுத்த நோன்புக்கு முன் வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். படத்தைக் கழற்றிய வாப்பா, புதிதாக வாங்கிய மூக்குக் கண்ணாடியோடு அதை வாசலில் வைத்துத் துடைத்தார். துடைத்த கை நின்றது.

“மகள், இஞ்ச வா. இது மரக்குத்தியா, ஆளா?”

தண்ணீருக்கும் குடிசைக்கும் நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில், அரிசி மணியளவில் ஒரு நிழல். நான் முற்றத்தில் சுண்ணாம்பு வாளியும் கையுமாக நின்றேன். எட்டிப் பார்த்து, “ஆள் போலத்தான் இரிக்கி” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இவ்வளவுதான் நான் அவரைப் பார்த்தது.

உம்மாவுக்கு அன்று முழுதும் மனம் சரியில்லை. இத்தனை மாதமும் அதற்கு முன்னால் நின்று தொழுதோமே என்று ஒரு பக்கம். மற்றப் பக்கம் ரூபி அக்கா. “திருப்பிக் குடுக்கவும் ஏலாதே. கொட்டிலுக்குள்ள இரிக்கிறவட சாமான, எங்களுக்கு ஆகாதெண்டு குடுத்தா அவ என்ன நினைப்பா?” என்றார். அல்மாரிக்குள் வைத்தால் செல் அரிக்கும். வாப்பா நெடுநேரம் யோசித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“உன்ட கந்தோர் மை இரிக்கா?”

நான் அப்போது சுனாமி வீட்டுத் திட்டமொன்றுக்குப் பிளான் கீறும் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கறுப்பென்றால் அப்படிக் கறுப்பு அந்த மை. விரலில் பட்டால் தோல் உரியும்வரை போகாது. குப்பியைக் கொடுத்தேன். வாப்பா ஈர்க்கில் துண்டை மையில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த அரிசி மணியின் மேல் ஒரு பொட்டு வைத்தார். கறுப்புப் படத்தில் கறுப்புப் பொட்டு. ஒரு செடிப் பற்றை போல இருந்தது. “ஆருக்கும் வித்தியாசம் தெரியாது வாப்பா” என்று நான்தான் மெச்சினேன். படம் முழுவதையும் ஒரு தரம் ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்து, “வேற உசிரொண்டும் இல்ல” என்றார் வாப்பா. நானும் ஓம் என்றேன். படம் திரும்பவும் சுவருக்குப் போனது. படத்தையும் திருப்பி அனுப்பாமல் உம்மா, ரூபி அக்கா இரண்டு பக்கத்தையும் சமாளித்துவிட்ட திருப்தியில் அன்று வாப்பா இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தார்.

வீட்டுத் திட்டங்கள் எப்படி இழுபட்டன என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காணி இல்லை, காணி இருந்தால் சண்டை, சண்டை தீர்ந்தால் கொந்தராத்துக்காரர் இல்லை. என் பிளான்கள் சுருட்டியபடியே மஞ்சளாகின. ரூபி அக்காவுக்குச் சுவர் கிடைத்தபோது யுத்தமும் முடிந்துவிட்டது.

அந்தக் கிழமை முழுக்கப் பெரிய றோட்டில் வெடி கொளுத்தினார்கள். சந்தியில் வாகனங்களை நிறுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். வாங்கியவர்களும் உண்டு, வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்களும் உண்டு. ஒவ்வொரு வெடிக்கும் தோளைக் குறுக்கிக்கொண்டு ரூபி அக்கா எங்கள் கேற்றைத் திறந்து வந்தார். கையில் புது வீட்டுத் திறப்பு, பளபளக்கிற சாவி. உம்மா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். முன் விறாந்தையில் இருத்தி, வட்டிலப்பம் வைத்தார்.

“படத்தக் கொண்டு போக வந்தன் காக்கா” என்றார் ரூபி அக்கா. பிறகு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, யாரும் கேட்காமல் சொல்லத் தொடங்கினார். “அவர்ர படம் ஒண்டும் எனக்கு மிஞ்சல்ல. அடையாள அட்டையும் அவரோடயே போயிற்று. அதுக்குள்ள ஒராள் நடந்து வாறார், பாத்திருக்கீங்களா? தோளில துடுப்போட? அதப் பாத்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் சொல்லுவார், ‘அது நான்தான், வேல முடிஞ்சி வாறன், நீ சோத்தப் போடு’ எண்டு. பகிடிதான். நீங்கெல்லாம் நத்தாருக்கு வந்து மலயப் பத்திக் கதைக்கக்குள்ள, அத நினைச்சி எனக்குச் சிரிப்பு வந்திரும். இப்ப அவர் எண்டு பாக்க அது ஒண்டுதான் இருக்கு.”

உம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். படம் உள் அறையில், ஒரு திரைச்சீலைக்கு அப்பால் தொங்கிக்கொண்டிருந்தது.

“கண்ணாடி வெடிச்சிப் போச்சி தங்கச்சி” என்றார் வாப்பா. “மாத்தித்து நானே கொண்டு வாறன்.”

வாப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கடையில் வொஷர் தரம் குறைந்தது என்றால், வாங்க வந்தவனிடமே சொல்லி அனுப்பிவிடுகிற மனுசன். ரூபி அக்கா சந்தோசமாகத் தலையாட்டி, வட்டிலப்பத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். கேற் சாத்திய பிறகும் வாப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை.

“கடல் அழிக்கல்ல” என்றார். “நான் அழிச்சிட்டன்.”

அந்தக் கிழமைதான் எங்கள் வீட்டில் ஸ்பிரிட் வாசம். வாப்பா பஞ்சில் தொட்டுத் தொட்டுப் பொட்டின் மேல் ஒற்றினார். தேசிக்காயை வெட்டிப் புளியைப் பிழிந்து வைத்தார். அந்த மை போகாது என்று எனக்குத் தெரியும். அதை விற்பதே போகாது என்பதற்காகத்தான். கந்தோரில் பிழையாகக் கீறினால் சவர பிளேட்டால் சுரண்டுவோம். “உனக்குக் கை பழக்கம்தானே, சுரண்டித் தா” என்று பிளேட்டை நீட்டினார். தாள் பழையது வாப்பா, ஓட்டை விழும், மையோடு ஆளும் வந்துவிடுவார் என்றேன். பிளேட்டைத் திரும்பக் கடுதாசியில் சுற்றி வைத்தார். ஓர் இரவு சுபஹுத் தொழுகைக்கு முன் எழுந்து பார்த்தேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மார்க்கத்துக்கு மாறாக எதுவும் அவர் செய்யவில்லை, மனம் நோகக்கூடாது என்றுதான் எல்லாம் செய்தார். அப்படியிருந்தும் அவருக்கு வெட்கம். அவருக்காக எனக்கு வெட்கம். அந்தக் குப்பி இன்னும் என் மேசையில் அரைவாசி மையோடு இருந்தது. வேலைக்குப் போய் அதைத் தொடவே கூசியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, படத்தைப் புதுச் சாரத்தில் சுற்றிக்கொண்டு இருவரும் ஓட்டோவில் போனோம். புது வீடு. சீமெந்து வாசம் போகவில்லை. ரூபி அக்கா ஆணியும் சுத்தியலும் எடுத்து வைத்திருந்தார். வாப்பா உட்காரவில்லை. நின்றபடி, சுற்றி வளைக்காமல், எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடி வெடிக்கவில்லை என்பதையும் சொன்னார். சொல்லி முடித்துத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ரூபி அக்கா படத்தை ஜன்னலடிக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். சுட்டுவிரல் பொட்டின் மேல் போய் நின்றது. பிறகு அந்தப் பாதை வழியே இடப்பக்கம் நகர்ந்து குடிசையடிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. கண்ணாடியில் தூசு, துடைக்கிறார் என்று நினைத்தேன்.

“பொழுது பட்டிட்டு காக்கா” என்றார். குரல் நல்லாகத்தான் இருந்தது. “அவ்வளவுதானே. இருட்டினா ஆளத் தெரியாதுதானே.”

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் வாப்பா இன்னும் சில பெருநாள் அந்த வீட்டுக்குப் போயிருப்பார். ரூபி அக்கா தானே ஆணி அடித்து, தானே மாட்டி, எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சீனி போட மறந்துவிட்டார். இருவரும் குடித்து முடித்தோம்.

பிறகு பெருநாளைக்கு நான் சாப்பாடு கொண்டுபோவேன், வாப்பா வருவதில்லை. பசாரில் ரூபி அக்காவைத் தூரத்தில் கண்டால் மறுபக்கம் கடந்துவிடுவார். ரூபி அக்காவும் நத்தாருக்குக் கேக் கொடுத்தனுப்பினார், ஒரு வருசம், இரண்டு வருசம். பிறகு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மட்டக்களப்பில் தங்கச்சி வீட்டோடு போனார் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் இருந்த நம்பரில் இப்போது வேறு யாரோ சிங்களத்தில் பேசுகிறார். வாப்பா மௌத்தாகி, அவரையும் அடக்கிவிட்டோம். உதிரிப்பாகக் கடை இருந்த இடத்தில் போன் கடை. எங்கள் நடு அறைச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வீட்டை விற்கும்போது வாங்கியவர்கள் அதையும் பிடுங்கிப் பூசிவிட்டார்கள்.

ஹோட்டல் நடையில் நின்று, கைத்தொலைபேசியைப் படத்தின் மேல் பிடித்து அந்த ஆளைப் பெரிதாக்கினேன். தோளில் துடுப்பு. மடித்துக் கட்டிய துணி. கொஞ்சம் களைத்த நடை. சின்ன ஊசிக் கீறல்களில் ஒரு மனுசன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். தேவா அண்ணன் என்று சொன்னால் நான் நம்புவேன்.

பிறகு, ரூபி அக்காவின் விரல் போன வழியே இடப்பக்கம் நகர்த்தினேன். குடிசை வாசலில், கோடுகள் நெருங்கிக் கறுத்துக் கிடந்த இடத்தில், கதவு நிலையோடு நிலையாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. மற்றக் கை கண்ணுக்கு மேலே. பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மெடம், லேடீஸ் அந்தப் பக்கம்” என்று பையன் திரும்பவும் வந்து சொன்னான்.

வேற உசிரொண்டும் இல்ல என்றார் வாப்பா. நானும் ஓம் என்றேன். அவள் எங்கள் சுவரில், நாங்கள் தொழுத அறையில், அத்தனை வருசமும் நின்றிருக்கிறாள். வருகிறவரை மையால் மூடினோம். பார்த்துக்கொண்டு நின்றவளை நாங்கள் காணவே இல்லை.